தங்கவயலில் ஆங்கிலப் பாடம்

1904-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி கோலார் தங்கவயலில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். மாணவிகள் 22 பேர். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பெண் குழந்தைகள். பாடம் நடத்தியவர்கள் புனித ஜோசப் ஆஃப் டார்ப்ஸ் சபையின் கன்னியர். பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் தோன்றிய சபை அது. வகுப்பில் பேச வேண்டியது ஆங்கிலம். பள்ளிக்கு வெளியே வீதியில் கேட்டது தமிழ். ஊர் இருந்ததோ கன்னடம் பேசும் மைசூர் சமஸ்தானத்தில்.

பிரெஞ்சு சபை, ஆங்கிலப் பாடம், தமிழ் அக்கம்பக்கம், கன்னட அரசாங்கம். இவை நான்கும் சந்திக்க வேண்டிய அவசியத்தை உண்டாக்கியது தங்கம். இன்று பட்டதாரிகள் பலர் சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் கொரியாவுக்கும் போய், அங்குள்ள குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார்கள். புதிய ஊர், புதிய சாப்பாடு, புதிய மொழி என்று அவர்கள் படும் பாட்டைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. அதே பாட்டை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஊர் மொத்தமாகப் பட்டிருக்கிறது. அங்கே கற்பித்தவர்களும் கற்றவர்களும் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களும்கூட வெளியூர்க்காரர்கள்.

நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் சண்டையிட்டுவிட்டு பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு வந்து சேர்ந்தவர் அயர்லாந்துக்காரரான லாவெல். 1870-களில் கோலாரில் தங்கம் தேட மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார் அவர். அவருக்குக் கைகூடாதது 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த பிறகு கைகூடியது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே வேலையிழந்த சுரங்கக்காரர்கள் உலகெங்கும் சிதறினார்கள். ஒரு பகுதியினர் கோலாருக்கு வந்து கேப்டன்களாகவும் ஃபோர்மன்களாகவும் ஆனார்கள். இத்தாலியர்கள் வந்தார்கள். காவலுக்குப் பஞ்சாபியர் வந்தார்கள். பாறையை உடைக்கவும் வாரவும் சுமக்கவும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசிய ஆதிதிராவிடர்கள். சொந்த ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நின்றவர்களுக்கு, கூலியைக் காசாகக் கையில் கொடுத்த கம்பெனி ஒரு விடுதலையாகவே தெரிந்திருக்க வேண்டும். சுரங்கத்துக்குள் இருந்த ஆபத்து பிறகுதான் தெரிந்தது.

கம்பெனி ஊரைக் கட்டிய விதத்திலேயே யாருக்கு எது என்பது தீர்மானமாகியிருந்தது. மேட்டில் ஓடு வேய்ந்த பங்களாக்கள், தோட்டம், கிளப், டென்னிஸ் மைதானம். அதற்கு அடுத்த படியில் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பு. அப்புறம் லைன்கள். லைன் என்றால் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வீடுகளின் வரிசை. பக்கத்திலேயே சயனைடு கழிவு மண் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் அந்தத் தூசி யார் வீட்டுக்குள் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆசியாவிலேயே அன்று அது பெரிய சாதனை. மின்சாரம் முதலில் போனது சுரங்க இயந்திரங்களுக்கு.

தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் பெயர் 'லிட்டில் இங்கிலாந்து'. அங்கே வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் நினைவுக் குறிப்புகளில் கிறிஸ்துமஸ் கேக்கும், நடன விருந்துகளும், குளிர்ந்த காற்றும் மணக்கும். தொழிலாளர் குடும்பங்களின் நினைவில் இருப்பது வேறு. தட்டி வீடு, ராக் பர்ஸ்ட் என்று அவர்கள் சொல்லும் பாறை வெடிப்பு, நுரையீரலில் தூசி படிந்து வரும் சிலிக்கோசிஸ், 1946 நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஆறு தொழிலாளர்கள். இரண்டும் ஒரே ஊரைப் பற்றிய நினைவுகள்தான். இரண்டுக்கும் நடுவே நின்ற சுவர்களில் ஆங்கிலம் முக்கியமான ஒன்று.

கன்னியர் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1901-இல், நந்திதுர்க்கம் சுரங்கப் பகுதியில் ஜான் டெய்லர் கம்பெனி ஓர் ஆங்கில ஆரம்பப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. பிரிட்டிஷ், ஐரோப்பிய ஊழியர்களின் பிள்ளைகளுக்கான பள்ளி. அது வளர்ந்து உயர்நிலைப் பள்ளியாயிற்று. மாணவர்கள் எழுதியது சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வந்தது. விடைத்தாள் கப்பலேறி அங்கே போனது. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் தன் மாணவனை எப்படிக் கற்பனை செய்துகொண்டது என்பதை ஊகிப்பது கடினமில்லை. பாடப்புத்தகத்தில் பனி பெய்யும், இலையுதிர்காலம் வரும், நாணயக் கணக்கு பவுண்டு ஷில்லிங்கில் ஓடும். ஜன்னலுக்கு வெளியே கருவேலமும் கரடும் சயனைடு மண்மேடும். தாயகம் என்று சொல்லப்பட்ட தேசத்தைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அன்று இருந்தது.

அந்தப் பிள்ளைகள் உண்மையில் வளர்ந்தது இரண்டு மொழிகளில். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் ஆயாவிடமும் சமையற்காரரிடமும் தமிழ். தங்கவயல் ஆங்கிலோ இந்தியர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையே இதற்குச் சாட்சி. நம் ரசம் அங்கே 'பெப்பர் வாட்டர்' ஆகி, வாரத்தில் பல நாள் சோற்றோடு பரிமாறப்பட்டது. மிளகுத் தண்ணீர் ஏற்கெனவே 'மல்லிகாடானி' என்ற பெயரில் கப்பலேறி இங்கிலாந்து போய் சூப்பாகத் திரும்பியிருந்தது. புதிய பண்பாட்டுக்குப் பழகுவது என்பதைப் பெரியவர்கள் சட்டதிட்டம் போட்டுத் தடுத்தாலும், அடுப்பங்கரையில் அதைத் தடுக்க முடியவில்லை.

பூமிக்கு அடியில் வேறொரு வகுப்பு நடந்தது. அதற்குக் கரும்பலகையும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஷாஃப்ட், லெவல், ஸ்டோப், கேஜ், ஸ்கிப், ஷிஃப்ட், பிளாஸ்டிங், டிம்பர். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத வட ஆற்காட்டுக்காரர் இவற்றையெல்லாம் சில வாரங்களில் கற்றார். கற்றாக வேண்டும். கார்ன்வால்காரர் பேசிய ஆங்கிலம் லண்டன்காரருக்கே சுலபமாகப் புரியாதது. அதை இவர் காதால் பிடித்து, தமிழ் வேற்றுமை உருபுகளை ஒட்டி, 'ஷாஃப்டுல', 'ஷிஃப்டுக்கு', 'கேஜை விட்டு' என்று தன்னுடையதாக்கிக்கொண்டார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியோசைதான் கட்டளை. எத்தனை முறை அடித்தால் ஏற்று, எத்தனை முறை அடித்தால் நிறுத்து என்பது தவறினால் உயிர் போகும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே கற்ற மொழிக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. மொழியியல் துறைகள் ஆராய்ந்திருக்க வேண்டிய விஷயம் இது. பட்லர் இங்கிலீஷ் என்று சிரித்துவிட்டுப் போனவர்களே அதிகம்.

ஆனால் சொற்களைப் பொறுக்கிக்கொள்வது வேறு, எழுதப் படிக்கக் கற்பது வேறு. கம்பெனியின் தலைமையகம் லண்டனில். கணக்கும் கட்டளையும் ஆங்கிலத்தில். விபத்து அறிக்கையை எழுதுகிறவருக்குத் தெரிந்த மொழி, விபத்தில் சிக்கியவருக்குத் தெரியாது. தொழிலாளர்கள் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது, 1930-இல், சுரங்கங்கள் மூன்று வாரம் ஸ்தம்பித்தன. கையெழுத்துப் போடத் தெரியாதவனின் விரலைத்தான் கேட்கிறார்கள் என்ற அவமானமும் அந்தக் கோபத்தில் சேர்ந்திருக்கக் கூடும். ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவர்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துகிறார்கள் என்பது வெளிப்படையாகவே எழுந்த குற்றச்சாட்டு.

கன்வென்ட் கதவு திறக்கும் என்று லைன் ஜனங்கள் சும்மா காத்திருக்கவில்லை. தங்கவயல் வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் பேசப்பட வேண்டிய பகுதி இது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையிலிருந்து தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழுக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வாசகர்கள் இருந்தார்கள். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே கிளைகள் தோன்றின. எம்.ஒய். முருகேசம் போன்றவர்கள் அவற்றை முன்னின்று நடத்தினார்கள். தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. 1914-இல் அவர் மறைந்த பிறகு, சிறிது காலம் கழித்து, 1926 முதல் 1934 வரை 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. ஒரு நாள் முழுவதும் பாறைக்கடியில் கிடந்துவிட்டு மேலே வந்த மனிதர்கள், விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு ஒருவர் படிக்க மற்றவர் கேட்க நடத்திய வாசிப்பு அது. 'லிட்டில் இங்கிலாந்து' என்ற பெயரில் அடங்காத இன்னொரு தங்கவயல் இருந்தது என்பதை ஆய்வாளர் ஞான. அலாய்சியஸின் நூல்கள் 1990-களின் இறுதியில் விரிவாக எடுத்துக்காட்டின.

ஆக, சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கு முதலில் கிடைத்த எழுத்து தமிழ் எழுத்து. ஆங்கிலம் அதற்கடுத்து, மெதுவாக வந்தது. 1933-இல் அதே டார்ப்ஸ் சபையினர் ராபர்ட்சன்பேட்டையில் புனித தெரசா பள்ளியைத் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகள் கழித்துக் கோரமண்டலில் புனித செபாஸ்டியன் பள்ளி. இரண்டிலும் ஆங்கில வகுப்புகளும் இருந்தன, தமிழ் வகுப்புகளும் இருந்தன. 22 வெள்ளை, ஆங்கிலோ இந்தியச் சிறுமிகளோடு தொடங்கிய சபை தமிழ்ப் பலகையையும் மாட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கன்னியரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கம்பெனி ஊரில் கம்பெனியின் படிநிலையை மீறிப் பள்ளி நடத்துவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் ஒரு முழுத் தலைமுறை சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது என்பதும் உண்மை.

1947-க்குப் பிறகு பாடம் தலைகீழாயிற்று. பிரிட்டிஷார் படிப்படியாகக் கிளம்பினார்கள். 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. தாயகம் என்று பாடப்புத்தகத்தில் படித்த நாட்டில் இறங்கிய பிறகுதான், தாங்கள் அங்கே அந்நியர் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. நிறத்தை வைத்து விசாரித்தார்கள். உச்சரிப்பை வைத்து விசாரித்தார்கள். பெப்பர் வாட்டருக்குப் புளி கிடைக்கவில்லை. அறுபது வருஷம் இன்னொரு நாட்டின் பருவங்களைப் பாடமாகப் படித்தவர்களுக்கு, அந்தப் பருவங்களுக்கு நடுவே வாழப் பழகுவது புதிய பாடமாக இருந்தது.

கிளம்பாமல் தங்கியவர்களில் ஆசிரியைகள் இருந்தார்கள். கம்பெனி அரசாங்கத்துடையதான பிறகு அவர்களுடைய வகுப்பில் உட்கார்ந்தவர்கள் ஃபோர்மன் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல. டிம்பர் சுமந்தவரின் மகளும், கேஜ் மணியடித்தவரின் மகனும் வந்தார்கள். தங்கவயல்காரர்களின் ஆங்கிலம் தனியாகத் தெரியும் என்று பெங்களூரில் ஒரு பேச்சு உண்டு. இலக்கணம் பிசகாத, கொஞ்சம் ராகத்தோடு கூடிய, தயக்கமில்லாத ஆங்கிலம். அதன் ராகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்த வகுப்பறைகளுக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

இடையில் ஒரு விநோதமும் நடந்தது. 1965-இல் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இயற்பியலாளர்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கருவிகளை நிறுவி, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தைக் கண்டார்கள். உலகில் முதல் கண்டுபிடிப்புகளில் ஒன்று. கருவிகளைக் கீழே இறக்க உதவியவர்கள் தங்கவயல் சுரங்கக்காரர்கள். ஜப்பானியருக்கும் தமிழருக்கும் நடுவே அங்கே புழங்கியிருக்கக்கூடிய பொதுமொழி, கார்ன்வால்காரர்கள் விட்டுச்சென்ற அந்தச் சுரங்க ஆங்கிலமாகத்தான் இருந்திருக்க முடியும்.

தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த பூமி, தோண்டியவர்களுக்கு வேலையில்லை என்றது. 1960-களில் வந்த பி.இ.எம்.எல். தொழிற்சாலை ஒரு பகுதியினருக்குத்தான் சோறு போட முடிந்தது. மற்றவர்களுக்கு மிஞ்சியது மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விடிவதற்கு முன் ஏறி, இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் இதில் உண்டு. கால் சென்டருக்கும் கணினி நிறுவனத்துக்கும் போகிறவர்களும் உண்டு. ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகும் இந்த இரண்டு வகைக்கும் இடையே சம்பளத்தில் உள்ள தூரத்தை அளக்க ஆங்கிலம் ஒன்றே போதும். வேலியாக இருந்த மொழி இப்போது டிக்கெட்டாகிவிட்டது. அதனால் லைன் வீட்டுத் தாய்மார்கள் இன்று தங்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்கிறார்கள் என்பதில் மர்மம் எதுவுமில்லை.

இந்த இடத்தில்தான் தங்கவயல் தமிழருக்குச் சிக்கல். கர்நாடகத்தில் பள்ளி மொழி என்பது வெறும் பாட விஷயம் அல்ல. கோகாக் குழு அறிக்கையை ஒட்டி 1982-இல் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டுப் பெரும் போராட்டம் நடந்தது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, மொழியைச் சத்தமாகப் பேசவே பயந்த நாட்கள் வந்தன. தொடக்கப் பள்ளியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது, கர்நாடக அரசு தொடர்பான வழக்கில்தான். 2015-இல் இயற்றிய சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தை ஒரு மொழியாகக் கட்டாயமாக்கியது. 2019-இல் மாநில அரசே தன் பள்ளிகள் ஆயிரத்தில் ஆங்கில வழி வகுப்புகளைத் தொடங்க முடிவு செய்தது.

கன்னடம் கற்பதில் தவறென்ன? நான்கு தலைமுறையாக வாழும் மண்ணின் மொழி. தங்கவயல் தமிழர் பலர் அதைச் சரளமாகவே பேசுகிறார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது; அதைச் சொல்லும் தகுதி, தாங்கள் ஆங்கிலத்தால் உயர்ந்துவிட்ட தமிழ் அன்பர்களுக்கு நிச்சயம் கிடையாது. ஆனால் முதல் மொழி ஆங்கிலம், இரண்டாவது கன்னடம், மூன்றாவது ஹிந்தி என்று வரிசை போட்ட பிறகு தமிழுக்கு நாற்காலி இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முதல்மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. எடுக்க மாணவர் வேண்டும், கற்பிக்க ஆசிரியர் வேண்டும். மாணவர் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும், ஆசிரியர் போனால் மாணவர் வர மாட்டார். வட ஆற்காட்டிலிருந்து எழுத்தறியாமல் வந்த தாத்தா தமிழ் பேசினார், படிக்கவில்லை. அவர் மகன் 'தமிழன்' இதழ் படித்தான். பேரன் இரண்டு மொழியும் படித்தான். கொள்ளுப்பேத்தி மீண்டும் தமிழைப் பேச மட்டும் தெரிந்தவளாக, கையில் ஆங்கிலத்தோடு நிற்கிறாள். இது பல வீடுகளின் கதை.

2018-இல் ஊரின் பெயரிலேயே வந்த கன்னடப் படமும், 2024-இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' படமும் தங்கவயலை இந்தியா முழுக்கக் கொண்டுபோயின. இரண்டிலும் பள்ளிக்கூடத்துக்கு வேலையில்லை. சினிமாவுக்குத் தங்கம் போதும்.

மாரிக்குப்பம் ரயில் நிற்கும் நிலையங்களில் இரண்டின் பெயர் சாம்பியன், கோரமண்டல். முதலாவது சுத்தமான ஆங்கிலச் சொல். மற்றது, சோழமண்டலம் என்ற சொல்லை ஐரோப்பிய மாலுமிகள் தங்கள் வாய்க்கு வந்தபடி திரித்து, வரைபடத்தில் எழுதி, உலகம் சுற்றவிட்ட பெயர். தமிழில் புறப்பட்டு, ஆங்கிலமாகி, கம்பெனியோடு சேர்ந்து கோலார் மலைக்கு ஏறி வந்திருக்கிறது. நிலையப் பலகையில் இப்போது அது கன்னடத்திலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. காலை ரயிலுக்கு நிற்கும் பிள்ளைகள் மூன்றையும் படித்துவிடுகிறார்கள்.